தோலே இல்லாத ஷூ

வாணியம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு காலத்தில் மூக்குதான் முதலில் ஊரைக் கண்டுபிடிக்கும். இந்த முறை அவ்வளவு வாடை இல்லை. நைனாவிடம் சொன்னேன். "வாடை அடிச்சாதான்டா சோறு" என்றார். தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் நின்ற ஆள், வேறென்ன சொல்வார்?

தாத்தா காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை, கடுக்காய்தான். பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றினார்கள். 1970களில் அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டதும் ஆம்பூர் பக்கம் ஷூ தைக்க ஆரம்பித்தார்கள். பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பில் பதனிடுவதும் பெருகியது, கழிவுநீரால் பாலாறு பாழானது. 1996இல் உச்ச நீதிமன்றம் டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டு, கழிவுநீரைச் சுத்திகரி, இல்லையென்றால் மூடு என்றது. தீர்ப்பு சரிதான் என்பது என் கட்சி. எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்ததைப் பார்த்தவன் நான். நைனா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஊர் மாறியதில் பாதிப் பாரம் பெண்கள் தலையில். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பவர்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி, அதுவும் சொற்பம். இதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, பிரியாணியைத்தான் பேசுகிறோம்.

இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் பனப்பாக்கத்தில் தைவான்காரர்களின் ஷூ ஆலை வருகிறது, தோல் இல்லாத ஷூ. தங்கச்சி அங்கே விண்ணப்பிக்கப் போகிறாளாம்.

நைனா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தோலே இல்லாம அது என்னடா ஷூ?" என்றார்.