பாப்பா பெரியம்மாவின் பெயர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்தவர் என் தாயார். தாத்தாவின் வழியில் நான்கு தலைமுறை ஆண்களின் பெயர்களை எங்கள் குடும்பத்தில் எவரும் தடையின்றிச் சொல்வார்கள். அம்மாவின் அம்மாவைப் பெற்றவரின் பெயரை மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அனைவருக்கும் அவர் ‘ஆயா’, அவ்வளவுதான். அந்தப் பூட்டியின் பெயரைத் தேடி இரண்டு ஆண்டுகள் அலைந்ததை, தங்கள் வீட்டுப் பெண்களைத் தேட விரும்புவோருக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பெண்களின் பெயர் தொலைவதற்கு மறதியை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் முன்னெழுத்து தந்தையுடையது. மலேசிய அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்பவற்றின் சுருக்கத்துக்குப் பின்னே வருவதும் தந்தையின் பெயரே. திருமணப் பதிவில் தேடலாம் என்றால், 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்து பதிவைக் கட்டாயமாக்கும் வரை, தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பலருக்கு அரசாங்கக் காகிதம் எதுவும் இருந்ததில்லை.

எஞ்சுவது பிறப்புப் பத்திரம். அதில் தாயின் பெயருக்கு ஓர் இடம் உண்டு என்பதால், ஒரு பெண்ணைத் தேடுகிறவர் அவர் பெற்ற பிள்ளைகள் அனைவரின் பத்திரங்களையும் தேட வேண்டும். ஒருவருடையது கிடைக்காவிட்டால் மற்றொருவருடையது கிடைக்கக்கூடும். பாட்டியின் பத்திரம் போர்க்காலத்திலேயே தொலைந்துவிட்டது. அவருடைய கடைசித் தம்பியின் பத்திரம் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் இருந்தது, 1946-இல் பதிவானது. அதில் தாயின் பெயர் ஆங்கில எழுத்தில் மங்கிப்போயிருந்தது. தந்தையின் பெயரோ எங்கள் பூட்டனின் பெயர் அல்ல.

இதைப் பற்றி, எங்கள் வீட்டில் இன்றுள்ளவர்களில் மூத்தவரான பாப்பா பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பாட்டி தமக்குச் சொன்னவற்றைப் பாட்டியின் சொற்களிலேயே சொன்னார். அவற்றில் ஆண்டுக்கணக்கு கிடையாது. ‘சயாமுக்கு ஆள் பிடிச்ச வருசம்’, ‘வாழைமர நோட்டு செல்லாமப் போனப்ப’, ‘கம்யூனிஸ்டு காலத்துல’ என்றுதான் வரும். இவற்றைத் துல்லியமில்லாதவை என்று ஒதுக்குவது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து. முதலாவது, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்ட 1942-43. இரண்டாவது, ஆங்கிலேயர் திரும்பி வந்து ஜப்பானிய நோட்டுகள் மதிப்பிழந்த 1945 செப்டம்பர். மூன்றாவது, எங்கள் ஊருக்கு அருகே 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து வந்த அவசரகாலம்.

பூட்டன் சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளையும் உயிரோடு காப்பாற்றிய பூட்டி, ஜப்பான்காரன் போன பிறகு, அதே தோட்டத்தில் மனைவியை இழந்திருந்த ஒருவரோடு வாழ்ந்திருக்கிறார். குடும்பம் மூடிவைத்தது இதைத்தான். அதனோடு சேர்ந்து அவர் பெயரும் மூடிக்கொண்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பத்திரத்தில் கண்ட பெயரைச் சரிபார்க்க வேறோர் இடம் வாய்த்தது. தோட்டம் கைமாறியபோது குப்பைக்குப் போகவிருந்த சில செக்ரோல்களை, அதாவது தொழிலாளர் கூலிப் பதிவேடுகளை, ஓய்வுபெற்ற கிராணியார் (தோட்ட எழுத்தர்) ஒருவர் தம் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தார். போருக்கு முந்தைய ஏடு ஒன்றில், ஒரே கங்காணியின் கீழ், அடுத்தடுத்த வரிகளில் பூட்டனும் பூட்டியும் இருந்தார்கள். 1920-களின் பிற்பகுதியில் முக்கியப் பகுதிகளுக்கு அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ச்சியின்போது அது 40 ஆகவும் 32 ஆகவும் குறைந்தது. விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று, ஆணைப் போலவே நிரை (மரவரிசை) பிடித்து மரம் சீவி, பால் வாளி சுமந்தவருக்கு நாளொன்றுக்கு 8 காசோ 10 காசோ குறைவு. ஆயினும் கூலி தனியே எண்ணப்பட்டதால், அவருக்கென்று தனி வரியும் தனிப் பெயரும் அந்த ஏட்டில் இருந்தன. குடும்பத்தின் நினைவில் யாரோ ஒருவருடைய ஆயாவாக மட்டுமே இருந்தவரை, இங்கே முதன்முறையாக அவராகவே கண்டேன்.

எனினும் அந்தப் பெயரை எப்படிப் படிப்பது? ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன. பத்திரத்தில் ஒரு விதமாகவும் செக்ரோலில் வேறு விதமாகவும் எழுதியிருந்தார்கள். இரண்டையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தவர், எழுந்து போய்த் தம் அடையாள அட்டையை எடுத்து வந்து தாளின் அருகே வைத்தார். அதே பெயர்.

பேத்திக்குப் பாட்டியின் பெயரை வைப்பது நம் வழக்கம். பெற்ற தாயின் பெயரைச் சொல்லி மகளை அதட்ட மனம் வராத எங்கள் பாட்டி, தம் மூத்த மகளை வாழ்நாள் முழுவதும் ‘பாப்பா’ என்றே அழைத்தார். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். ஆகவே, தேடுவோர் பேத்திமார்களின் பதிவுப் பெயர்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். “ரெண்டாவதா அவரோட இருந்ததையும் எழுது கண்ணு, ஆனா எம் பேரைப் போட்டுடாத” என்றார் பெரியம்மா. அதனால்தான் பூட்டியின் பெயரும் இங்கே இல்லை.