டிக்கட்டில் இல்லாத உயரம்

ஆஸ்பத்திரி ரெக்கோட் ரூம் கதவு எனக்கு மூன்றாம் தரம்தான் திறந்தது. முதல் நாள் கடிதத்தில் கையொப்பம் இருந்தது, சீல் இல்லை. அடுத்த கிழமை சீலோடு போனால் திறப்பு வைத்திருந்தவர் லீவு. நைட் டியூட்டி முடிந்து நித்திரையில்லாமல் நின்ற என்னிடம் “நாளைக்கு வாங்களன் மிஸ்” என்று ஒரு தம்பி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னது இப்பவும் எரியுது. கல்முனை பஸ்ஸில் சீற்றும் கிடைக்கவில்லை.

என்ட புரொஜெக்ட் இதுதான்: கடுமையான நுரையீரல் செயலிழப்போடு எங்கட ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு எப்படிக் காற்றுக் கொடுத்தோம் என்று பழைய டிக்கட்டுகளை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளை, வைத்து ஒப்பிடுவது. நெறிமுறைக் குழு அனுமதி சிக்கலில்லாமல் கிடைத்தது. சிக்கல் டிக்கட்டுக்குள் இருந்தது.

2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு எல்லாருக்கும் மனப்பாடம். 861 பேர், மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் கொடுத்த பக்கம் 39.8 வீதமானோர் இறந்தார்கள், 6 கொடுத்த பக்கம் 31 வீதம். ஆனால் அந்தக் கிலோ தராசுக் கிலோ இல்லை, உயரத்தை வைத்துக் கணக்குப் போடும் நிறை. ஆள் கொழுத்தால் நுரையீரலும் சேர்ந்து வளராதே. ஆணென்றால் சென்டிமீற்றர் உயரத்தில் 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்டவேண்டும். பெண்ணுக்கு 50க்குப் பதில் 45.5.

டிக்கட்டுகளில் நிறை இருக்கு, பீப் (மூச்சு வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) இருக்கு, மணிக்கொருக்கா ஒட்சிசன் இருக்கு, தேத்தண்ணிக் கறைகூட இருக்கு. உயரம் மட்டும் இல்லை. அதில் பாதிச் சாட் என் கையெழுத்து! 85 கிலோக்காரர் ஒருவருக்கு மூச்சுக்கு 500 மில்லிலீற்றர் போட்டிருந்தோம். நிறைக்குப் பார்த்தால் ஆறுக்கும் குறைவு, நல்ல பிள்ளைகள். ஆனால் ஆள் 160 சென்டிமீற்றர் என்றால் கணக்கு நிறை 57தான், கிலோவுக்கு ஒன்பதுக்குக் கிட்டப் போயிருக்கும். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

குப்புறப் படுக்க வைத்த கதையும் அப்படித்தான். 2013இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் ஒரு தரத்துக்குக் குறைந்தது 16 மணித்தியாலம் குப்புற விட்டார்கள். 28 நாள் இறப்பு மல்லாக்கக் கிடந்தவர்களில் 32.8 வீதம், இவர்களில் 16. எங்கட டிக்கட்டில் குப்புறத் திருப்பின நேரம் இருக்கு, மறுகா மல்லாத்தின நேரம் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து டியூப் கழராமல் ஒரு ஆளைப் புரட்டின அலுப்பில் பேனை எங்கே என்று யார் தேடுவது?

இதே வேலைக்கு இறங்குகிறவர்கள் புரொபோசல் எழுத முதல் பத்து டிக்கட்டையாவது பிரித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பழைய டிக்கட்டுகளை விட்டுவிட்டு இனி வருகிறவர்களை அளப்பதாக மாற்றி எழுதி, திரும்பவும் கடிதம், திரும்பவும் சீல்.

தையல்காரர் டேப் ஒன்று வாங்கினேன். கட்டிலை மட்டமாக்கி உச்சியிலிருந்து குதி வரை பிடிக்கவேண்டும், வளைந்து கிடந்தால் அளவு பிழைக்கும். உறவினர் சொல்லை நம்பவேண்டாம். முதல் நோயாளியின் மனைவி “அஞ்சரை அடி இருப்பார் மிஸ், என்ட தலைக்கு மேல ஒரு சாண்” என்றா. டேப்பில் 158. டொக்டரிடம் காட்டினேன். 400இல் இருந்த மூச்சளவை 330க்கு இறக்கினார், மூச்சு எண்ணிக்கையைக் கூட்டினார். 30ஐத் தாண்டவிடக்கூடாத பிளாட்டோ அழுத்தம் (காற்று உள்ளே போய் நிற்கும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம்) 33இல் இருந்து 28க்கு வந்தது.

டேப் இரண்டு கிழமையில் காணாமல் போனது. அடுத்ததை ட்ரொலியில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன்.