மந்த காலத்தில் முதல் வேலை: கொங்கு நாட்டிலிருந்து கனடா வந்த பிள்ளைகளுக்கு

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ பி.இ. முடித்து, ஒன்டாரியோவில் மேற்படிப்பும் முடித்து வெளியே வருகிறவர்களுக்கு இப்போது காலம் கூடி வரவில்லை. 2025-இல் கனடாவில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடையே வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியது. இருக்கிற ஆளை அனுப்புவதைவிடப் புது ஆளை எடுக்காமல் விடுவது கம்பெனிக்குச் சுலபம். அதனால் முதலில் அடைபடுவது புதியவர்களுக்கான வாசல்தானுங்க.

1976 முதல் 1995 வரை கனடாவில் பட்டம் பெற்றவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார மந்தத்தில் படிப்பு முடித்து வெளியே வந்தவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் சுமார் 9 விழுக்காடு குறைந்தது. ஐந்து வருசத்தில் அந்த இடைவெளி பாதியாகி, பத்து வருசத்தில் ஏறக்குறைய மறைந்தது. தானாக மறையவில்லை, சின்ன இடத்தில் நுழைந்தவர்கள் நல்ல சம்பளம் தரும் இடங்களுக்கு மாறிக்கொண்டே போனதுதான் முக்கியக் காரணம். அந்த ஊர்ப் பிள்ளைக்கு அப்படி மாறப் பத்து வருசம் இருக்கிறது. நம்ம பிள்ளைக்குப் படிப்பு முடிந்து கிடைக்கும் ஒர்க் பெர்மிட் அதிகபட்சம் மூன்று வருசம், அதுவும் ஒரே முறை. பாஸ்போர்ட் முன்னமே காலாவதியானால் பெர்மிட்டும் அந்தத் தேதியோடு நிற்கும். ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். படிப்பு முடிந்ததற்கான கடிதமோ மதிப்பெண் பட்டியலோ வந்து 180 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

கிடைத்த வேலையில் சேருங்கள், தப்பில்லை. ஆனால் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பி.ஆர். கணக்கில் எது சேரும் என்று தெரிந்து சேருங்கள். கனடாவில் வேலை பார்த்தவர்கள் பி.ஆர். கேட்கும் வழியான கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க, டீர் (தேவைப்படும் படிப்பையும் பயிற்சியையும் வைத்து வேலைகளைக் கனடா அரசு 0 முதல் 5 வரை பிரித்த அடுக்கு) 0 முதல் 3 வரையிலான வேலையில் 1,560 மணி நேரம், கடைசி மூன்று வருசத்துக்குள், சம்பளத்தோடு பார்த்திருக்க வேண்டும். வாரம் 30 மணிக்கு மேல் உழைத்தாலும் 30-தான் கணக்கு. இரண்டு பகுதி நேர வேலையைக் கூட்டலாம். முழுநேரமாகப் படித்தபோது பார்த்தது சேராது. இது தகுதிக்கு மட்டும். விண்ணப்பிக்கச் சொல்லி அரசிடமிருந்து அழைப்பு வருவது வயது, படிப்பு, மொழி, அனுபவம் பார்த்துப் போடும் பாயின்ட்டைப் பொறுத்தது.

கடைக் கவுன்டரும் குடோனில் சரக்கு எடுப்பதும் டீர் 4, 5. வாடகைக்கு ஆகும், பி.ஆர். விண்ணப்பத்துக்கு ஆகாது. திருப்பூரில் மெர்ச்சன்டைசிங் பார்த்தவர் லாஜிஸ்டிக்ஸ் கோஆர்டினேட்டர் வேலை தேடலாம், அது டீர் 3. கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு புக்கீப்பர், டீர் 2. பீளமேட்டுப் பட்டறையில் பழகியவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: டிராயிங் பார்த்து, செட்டிங் போட்டு, அளவு சுத்தமாகக் கடைகிறவர் மெஷினிஸ்ட், டீர் 2, ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர் மெஷின் ஆப்பரேட்டர், டீர் 4. ஒரே ஷெட், ஒரே சி.என்.சி. மெஷின். ஆனால் ஒன்று கணக்கில் சேரும், இன்னொன்று சேராது. பதவிப் பெயரை மட்டும் மாற்றி எழுதி வாங்கினால் நிற்காது. அதிகாரி பார்ப்பது செய்த வேலையை. வேலையை விடும் முன்பே பொறுப்புகள், வார மணி நேரம், சம்பளம், தேதிகள் நான்கும் உள்ள கடிதம் வாங்கிவிடுங்கள். பே ஸ்டப்பும் (சம்பளச் சீட்டு) டி4-உம் (முதலாளி வருசா வருசம் தரும் சம்பள, வரிப் படிவம்) பத்திரம். கையில் காசாகத் தருகிற வேலைக்கு இவை எதுவும் வராது.

எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் மதிப்பீடு) வாங்கித் தருகிறேன், பாயின்ட் ஏறும் என்று பணம் கேட்பவர்கள் இன்னமும் சுற்றுகிறார்கள். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான அந்தப் பாயின்ட் 2025 மார்ச் 25-ஓடு போய்விட்டது. எல்.எம்.ஐ.ஏ.-வை விற்பதே சட்ட விரோதம்.

படிப்புக்காக ஊர் வங்கியில் வாங்கிய கடனுக்கு வருவோம். 30 லட்சம், 10.5 விழுக்காடு, பத்து வருசம் என்றால் மாதத் தவணை சுமார் 40,500 ரூபாய். தவணை தொடங்கும் வரை மூன்று வருச வட்டியைக் கட்டாமல் விட்டால் 9.45 லட்சம் அசலில் ஏறி, தவணை 53,000-ஐத் தாண்டும். கடை வேலை பார்த்தாவது மாத வட்டியான 26,250-ஐ மட்டும் கட்டிவிடப் பாருங்கள். அதுவும் முடியாது என்றால் தவணை தவறும் முன்னரே வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். கூட்டு விண்ணப்பதாரர் அப்பா. உங்கள் தவணை தவறினால் அவருடைய சிபில் ஸ்கோரும் இறங்கும், அடுத்த போகத்துக்கு அவர் பயிர்க்கடன் கேட்கும்போது அது வங்கியின் கண்ணில் படும்.