எரியும்போது அளக்க வேண்டிய அழுத்தம்

சென்ற மார்கழியில், ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டின் கேஸ் கீசர் மூன்று வாரங்கள் தொடர்ந்து விடியற்காலையில் நின்றுபோயிற்று. பற்றவைத்தவுடன் நன்றாக எரியும். ஏழெட்டு நிமிடங்களில் சுடர் சிறுத்து, வெந்நீர் வெதுவெதுப்பாகி, பிறகு அணைந்துவிடும். பார்க்க வந்த மெக்கானிக், "கேஸ் பிரஷர் கம்மியா வருதுங்க சார், செப்புக் குழாயையே மாத்திடணும்" என்றார். எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது என்று கேட்டேன். சுடரைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொன்னார். சேலத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அளந்து பார்க்காமல் குழாயைப் பெயர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேஸ் பிரஷர் என்று நாம் ஒரே சொல்லாகச் சொன்னாலும், அதில் இரண்டு அழுத்தங்கள் அடங்கியிருக்கின்றன. சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் எவ்வளவு மீதியிருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தப் பெரிய அழுத்தத்தை ரெகுலேட்டர் வெகுவாகக் குறைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற அளவில் வெளியே விடுகிறது. நம் நாட்டு வீட்டு அடுப்புகள் இந்த அளவுக்காகவே செய்யப்படுகின்றன. 30 செ.மீ. உயரத் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தமும் இதேதான் என்பதால், இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. U வடிவில் வளைத்துக் கட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபும், பாதி வரை தண்ணீரும், ஒரு அளவுகோலும் போதும். ஒரு முனையைக் கேஸ் லைனில் இணைத்து மறுமுனையைத் திறந்து வைத்தால், இரு பக்கத்துத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடே அழுத்தம். கேஸ் இணைப்புகளில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தாங்களே செய்ய முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் லைனில் வால்வு உள்ள சோதனை முனை ஒன்றைத் தேர்ந்த ஆளைக் கொண்டு பொருத்தச் சொல்லி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அளந்தேன்.

இந்த அளவு எப்போதும் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டே வருவது. ஆகவே சேலத்தில் 30 காட்டும் ரெகுலேட்டர், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலும் 30 தான் காட்டும். ஆனால் இங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரும் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழிருந்து புதிதாகக் குடிவருபவர்கள் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது என்று சிலிண்டரைக் குறை சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் சிலிண்டரின் பிழை ஒன்றுமில்லை.

குளிர்நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸ்களைச் சரிபார்ப்பவர்கள் இதே வேலையை ஒழுங்குமுறையாகச் செய்கிறார்கள். கேஸ் வால்வுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அளப்பார்கள். இயற்கை எரிவாயுவில் ஓடும் பெரும்பாலான ஃபர்னஸ்களில் பர்னர் பக்கத்தில் 3.5 அங்குலத் தண்ணீர், அதாவது ஏறத்தாழ 9 செ.மீ., இருக்க வேண்டும். புரொப்பேனில் ஓடினால் 10 அங்குலம். வரும் அழுத்தத்தை ஃபர்னஸ் எரிந்துகொண்டிருக்கும்போது, வீட்டின் மற்ற கேஸ் சாதனங்களையும் எரியவிட்டு அளக்க வேண்டும் என்பதே அவர்களுடைய முறையின் உயிர்நாடி. எதுவும் எரியாதபோது எடுத்த அளவு கேஸ் ஓடும்போது நிகழ்வதைச் சொல்லாது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. காலை ஆறு மணிக்கு எல்லாம் அணைந்திருந்தபோது ரெகுலேட்டர் அருகே 33 செ.மீ. இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கீசரைப் போட்டதும் 27 ஆயிற்று, அதுவும் இயல்பே. அதன் பிறகு தண்ணீர் மட்டம் நிமிடத்துக்கு நிமிடம் நழுவி, எட்டாவது நிமிடத்தில் 14க்கு வந்தபோது கீசர் அணைந்தது. நான் தேடிய விடை அந்த நழுவலில்தான் இருந்தது. குழாய் குறுகியிருந்தால், கேஸ் ஓடத் தொடங்கிய கணமே கீசர் முனையில் அழுத்தம் இறங்கி அங்கேயே நின்றிருக்கும். ரெகுலேட்டருக்கு அருகில் அந்த இறக்கம் தெரியவே தெரியாது. ரெகுலேட்டர் சரியாக மூடாவிட்டால், எல்லாம் அணைந்திருக்கும்போது அளவு மெல்ல ஏறிக்கொண்டே போகும். எரிய எரிய, ரெகுலேட்டர் அருகிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், சிலிண்டரே களைத்துப்போகிறது என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகிறது. எங்கள் கீசர் ஏறத்தாழ 12 கிலோவாட். ஒரு கிலோ எரிவாயு சுமார் 46 மெகாஜூல் தருவதால், மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் அதற்கு வேண்டும், அதாவது ஆறு அடுப்பு பர்னர்களை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். அவ்வளவு திரவமும் ஆவியாவதற்குத் தேவையான வெப்பம் சிலிண்டரின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து வந்தாக வேண்டும். 12 டிகிரிக் குளிரில், அடியில் சிறிது திரவம் மட்டும் மீதியிருக்கும்போது, அந்த வெப்பம் போதிய வேகத்தில் வந்து சேராது. திரவம் குளிர்ந்து, அழுத்தம் விழும். சிலிண்டரின் அடிப்பகுதியில் வளையமாகப் பனித்திருந்த ஈரமே இதற்குச் சாட்சியாக இருந்தது. இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனோ ஏறத்தாழ பூஜ்ஜியத்தில். எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முதலில் கூடுதலாகப் போய்விடுவதால், கடைசிக் கால் பங்கில் மிஞ்சுவது பெரும்பாலும் குளிருக்கு அடங்கிவிடும் பியூட்டேன். எடை போட்டுப் பார்த்ததில், எங்கள் 14.2 கிலோ சிலிண்டரில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே மீதியிருந்தது.

இந்த நிலையில் சிலர் சிலிண்டரைப் படுக்கப் போடுகிறார்கள், சிலர் வெந்நீரில் நிறுத்துகிறார்கள். இரண்டையும் பார்த்து நான் பயந்திருக்கிறேன். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டர் வழியாக வெளியேறி, அடுப்பில் சுடர் ஆளுயரத்துக்கு எழக்கூடும்; வெந்நீரோ உள்ளே இருக்கும் அழுத்தத்தை நம் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஏற்றிவிடும். கேஸ் வாசனை வந்தால் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நான் செய்தது எளிய மாற்றம்தான். வடக்குச் சுவரின் நிழலில் இருந்த சிலிண்டரைக் காற்றும் காலை வெயிலும் சற்றுப் படும் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றினேன். கால்வாசிக்குக் கீழே போனதும் இரண்டாவது சிலிண்டரை மாட்டிவிட்டு, மீதியுள்ளதைக் குளிர் குறைந்த பிறகு சமையலுக்கு வைத்துக்கொள்கிறோம். ரெகுலேட்டரின் மூடியில் உள்ள சிறு காற்றுத் துளையையும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். மண்குளவி அதை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வு வெளிக்காற்றோடு தொடர்பிழந்து, வெளிவரும் அழுத்தம் தாறுமாறாகிவிடும். தை பிறந்த பிறகு, குளிர் சற்றும் குறையாத ஒரு காலையில், கீசரைப் பதினைந்து நிமிடம் எரியவிட்டு அளந்தேன். தண்ணீர் மட்டம் 27இல் தொடங்கி 26இல் நின்றது.