ஒளிரும் ஜாக்கெட்: தைத்ததும் பிரித்ததும்

மார்ச் 2
முதுகுப் பக்கம் 24 எல்.இ.டி. விளக்கு, டபிள்யூ.எஸ்.2812பி வகை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி சிப் இருப்பதால், ஒரே டேட்டா கோட்டில் (எது எந்த நிறம் என்ற கட்டளை போகும் இணைப்பு) எல்லாவற்றையும் தனித்தனி நிறத்தில் எரிய வைக்கலாம். ஒயர் வேண்டாம், மின்சாரம் கடத்தும் எஃகு நூலாலேயே தைத்துவிட்டால் துணி துணியாகவே தொங்கும் என்று ஒரு ஆசை. இரண்டு ராத்திரி தையல், விரலில் நாலு குத்து.

மார்ச் 4
சிவப்பு போட்டால் ஓரளவு சிவப்பு. வெள்ளை போட்டால் முதல் இரண்டு மட்டும் வெள்ளை, அப்புறம் மஞ்சள், அதற்கப்புறம் செங்கல் நிறம். மல்டிமீட்டரை வைத்து அளந்தேன்: ஒரு முழ நூலுக்கு 20 ஓம் மின்தடை! ஒரு விளக்கு முழு வெள்ளையில் எரிய ஏறக்குறைய 60 மில்லி ஆம்ப் வேண்டும். அந்த ஒன்றுக்கே 1.2 வோல்ட்டை நூல் விழுங்கிவிடுகிறது. வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிவது. நீலத்துக்கு 3 வோல்ட் பக்கம் தேவை, சிவப்பு 2 வோல்ட்டிலேயே எரிந்துவிடும். அதனால்தான் நீலம் முதலில் பட்டினி.

மார்ச் 5
பிரித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

மார்ச் 9
சிலிகான் உறை போட்ட மெல்லிய ஒயருக்கு மாறியாச்சு. பவரை இரண்டு முனையிலும் கொடுத்தேன். மின்சாரம் குதிக்காமல் இருக்க 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, டேட்டா கோட்டில் 470 ஓம் ரெசிஸ்டர். வெள்ளை இப்போது வெள்ளை. ஆனால் நடுநடுவே பேய் பிடித்த மாதிரி மினுக்குகிறது. விளக்குகளுக்குக் கட்டளை கொடுக்கும் கன்ட்ரோலர் போர்டு அனுப்புவது 3.3 வோல்ட் சிக்னல், பூஜ்யமும் ஒன்றுமாக. 5 வோல்ட்டில் ஓடும் விளக்கு, 3.5 இருந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று ஒத்துக்கொள்ளும். விளக்குக்குக் கொடுக்கும் வோல்ட் குறைந்தால் அந்த வரம்பும் குறையும். அதனால் விளக்குகளை நேரே 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியில் மாட்டினேன், அடங்கியது.

மார்ச் 14
மாட்டிக்கொண்டு நடந்தேன். கையைத் தூக்கி அலமாரியைத் திறந்ததும் 9-வதிலிருந்து எல்லாம் இருட்டு. ஒயரை விளக்கோடு ஈயம் வைத்து ஒட்டிய இடம் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு அரிசி நீளம் தள்ளி நகத்தால் அழுத்தினால் ஒயர் கீல் போல மடங்குகிறது. உறையில் கீறல்கூட இல்லை, உள்ளே செம்பு இழை அத்தனையும் அறுந்திருக்கிறது. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் குச்சியாக்கிவிடுகிறது. குச்சி முடிகிற இடத்தில்தான் எல்லா மடிப்பும் விழுகிறது. மேசையில் இதைத் தெரிந்துகொள்ளவே முடியாது. மேசை கையைத் தூக்காதே!

மார்ச் 20
ஒவ்வொரு இணைப்பின் மேலும் சிலிகான் பசை, சற்றுத் தள்ளி ஒயரைத் துணியோடு சேர்த்து இரண்டு தையல், நடுவில் பாம்பு வளைவாகக் கொஞ்சம் தொய்வு. அக்குள் பக்கம் போன கோட்டைத் தோள்பட்டை வழியாகத் திருப்பிவிட்டேன். பேட்டரி இதுவரை முதுகில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து லித்தியத்தை நசுக்க எனக்கு இஷ்டமில்லை. இனி உள்பாக்கெட்டில், உறையோடு. துவைக்கும்போது கழற்ற வசதியாக பிரஸ் பட்டன்களையே கனெக்டராக வைத்தேன். இந்த ஜாக்கெட்டில் நான் பெருமைப்படுகிற ஒரே விஷயம் அதுதான்.

மார்ச் 22
இரண்டு மணி நேரம் தாங்கியது. 17-வது விளக்கு மட்டும் நான் இருமினால் அணைகிறது, மறுபடி இருமினால் எரிகிறது. நாளைக்கு ஊசி, கத்தரி.