கிணத்துக்குள்ள 32 வருசம் கிடந்த பித்தளைத் துண்டு

2019இல எங்கட வளவுக் கிணறு நல்லா வத்தின நேரம் ஆக்களைப் பிடிச்சு இறைச்சுச் சேறு எடுப்பிச்சனாங்கள். மூண்டாம் நாள் மேல வந்த கடகத்துக்க ஒரு துருக்கட்டி, அதோட ஒட்டிக்கொண்டு வளைஞ்ச பித்தளைத் துண்டொண்டு. அம்மா கண்டோண்ணை "ஐயோ, இது எங்கட ஐயான்ர கைத்துவக்கெல்லே" எண்டா. துவக்கெண்ட சொல்லு வந்ததுதான் தாமதம், வேலை செய்த ஆக்கள் கடகத்தைக் கீழ வைச்சிட்டு விலகி நிண்டினம். ஜிஎஸ்ஸுக்கு, அதுதான் கிராம சேவகருக்குச் சொல்லி, பொலிஸ் வந்து, பாத்து எழுதிப்போட்டு துருக்கட்டியைக் கொண்டு போட்டினம். பித்தளை தட்டினோண்ணை தனியாக் கழண்டு வந்திட்டுது, அதைத் தந்திட்டுப் போட்டினம்.

அம்மப்பா மலாயாவில ரெயில்வேயில வேலை செய்து பென்சனோட ஊருக்கு வந்தவர். அங்க அவருக்கு மேல இருந்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போகேக்க குடுத்த பழங்காலக் கைத்துவக்கு அது, அந்த நேரமே நூறு வருசத்துக்கு மேல பழசாம். அலுமாரிக்க வேட்டிகளுக்குக் கீழ சும்மா கிடந்தது. 87 ஒக்டோபரில இஞ்ச, இலங்கையின்ர வடக்கில, இந்திய ஆமியோட சண்டை தொடங்கி வீடு வீடாச் செக்கிங் வருகுது எண்டோண்ணை அம்மம்மா ஒருத்தருக்கும் சொல்லாமல் இரவோட இரவாக் கிணத்துக்க போட்டிட்டா. அவவில பிழை சொல்ல ஏலாது, அந்த நேரம் வீட்டில ஒரு வெத்துத் தோட்டாக் கோது கிடந்தாலே ஆளைக் கொண்டு போயிடுவாங்கள்.

இனித்தான் நான் செய்த வேலை. கறுப்பும் பச்சையுமா இருந்த அந்தத் துண்டை, குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு, தங்கம் மாதிரிப் பளபளக்க வைச்சு, ஃபோட்டோ எடுத்து லண்டனில இருக்கிற சின்ன மாமாவுக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினனான். மாமா முப்பது வருசமாப் பழைய பிஸ்டல் சேர்க்கிறவர். உடன கோல் வந்தது. "தம்பி, தேய்க்க முதல் எடுத்த ஃபோட்டோ இருக்கோ?" இல்லை மாமா எண்டன். கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு "அதில ஏதோ வெட்டு வேலைப்பாடு இருந்திருக்கு, இப்ப பாதி அழிஞ்சு போச்சு, அது திரும்பி வராதடா" எண்டார். அந்தக் குரல் இப்பவும் காதுக்க கிடக்குது. தண்ணிக்க 32 வருசம் கிடந்து அழியாததை நான் பத்து நிமிசத்தில அழிச்சனான்.

மிஞ்சினதை வைச்சு மாமா சொன்னது: அது விசைக்காப்பு, அதாவது சுடேக்க விரலால இழுக்கிற விசைக்குக் கீழ வளையம் மாதிரி ஓடுற பாகம். அதின்ர முன்நுனியில அன்னாசிப்பழம் மாதிரி ஒரு வடிவம் இருக்குது, அது இங்கிலாந்துக் கம்மாளரின்ர வேலை, 1800ஐ ஒட்டின காலத்தில வழக்கமா வாறது. ஒரு துண்டுப் பித்தளையில இவ்வளவு கதை இருக்குதெண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சு, அண்டையில இருந்து எனக்கு இதில பிடிச்ச பிடி விடேல்லை.

2022இல ஒரு கலியாணத்துக்கு லண்டன் போய் மூண்டு கிழமை மாமா வீட்டில நிண்டனான். அங்க இந்த மாதிரி முன்வாயால வெடிமருந்து போடுற பழசுகளை, வெடிக்காமல் அழகுக்கும் ஆசைக்கும் வைச்சிருந்தா லைசன்ஸ் தேவையில்லை. இஞ்ச அந்தக் கதையே வேற. 1916ஆம் ஆண்டுச் சட்டம்தான் இப்பவும், பேப்பர் இல்லாமல் ஒண்டும் வைச்சிருக்கேலாது, நாங்கள் பட்ட பாட்டுக்கு அது சரியெண்டுதான் நானும் நினைக்கிறன். அதால என்ர சேகரிப்பு ஃபோட்டோவும் குறிப்பும்தான்.

மாமா பருத்திக் கையுறை தந்து ஒரு ஃபிளின்ட்லொக் பிஸ்டலை, அதாவது கல்லு உரஞ்சிற பொறியில வெடிக்கிற பிஸ்டலை, என்ர கையில வைச்சார். ஒரு கிலோவுக்கு மேல பாரம், ஆனா பிடியில கை வைச்சோண்ணை பாரம் தெரியேல்லை, அவ்வளவு சமநிலையாச் செய்திருக்கிறாங்கள். சுத்தியல் மாதிரி இருக்கிறதின்ர வாயில ஒரு சக்கிமுக்கிக்கல்லு, தோல் துண்டு வைச்சு இறுக்கியிருக்கு. அதைப் பின்னுக்கு இழுத்தா ரெண்டு சத்தம், முதல் சத்தத்தில அரைவாசியில நிக்கும், அந்த நிலையில விசை வேலை செய்யாது, ரெண்டாவதிலதான் தயார். விசையை இழுத்தா கல்லுப் போய் உருக்குத் தகட்டில உரஞ்சும், அந்தத் தகடு அப்பிடியே முன்னுக்குச் சாய்ஞ்சு கீழ இருக்கிற சின்னக் கிண்ணத்தைத் திறந்துவிடும், பொறி கிண்ணத்து மருந்தில விழும், அந்த நெருப்பு குழாய்ப் பக்கத்தில இருக்கிற ஊசித்துளையால உள்ளுக்க போய்த்தான் வெடி. இவ்வளவும் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள நடக்குது. மாமா விசையை விடாமல் பெருவிரலால சுத்தியலைப் பிடிச்சு மெல்ல இறக்கினவர், இருநூறு வருசத்து வில்லுத்தகடு ஒரு அடியில உடைஞ்சா பேந்து அதே தகடு கிடைக்காது.

இதுக்குப் பிறகு வந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு பாதிரியார். ஸ்கொட்லாந்தில அலெக்சாண்டர் ஃபோர்சைத் எண்ட பாதிரியாருக்குப் பறவை வேட்டையில பைத்தியம். கிண்ணத்தில நெருப்பு மினுங்கிறதைக் கண்டு பறவையள் குண்டு வர முதலே எழும்பிடும். அதுக்காக அடிச்சா வெடிக்கிற மருந்தை வைச்சு ஒரு லொக், அதாவது துவக்கை வெடிக்க வைக்கிற பொறியமைப்பு, செய்து 1807இல பேட்டன்ட் எடுத்தவர். அதில இருந்துதான் பேந்து அந்த மருந்தை உள்ளுக்க வைச்ச சின்னச் செப்புத் தொப்பி வந்தது. எங்கட வன்னியில கமக்காரர் பண்டிக்குக் காவலுக்கு வைச்சிருக்கிற இடியன் துவக்கு இருக்கெல்லே, மருந்தை முன்வாயால போட்டு இடிக்கிறது, அது அந்த வழியில வந்த சாமான்தான். லண்டனில கண்ணாடிப் பெட்டிக்க வைச்சதைக் கண்டோண்ணை எனக்கு உடன நினைவு வந்தது அதுதான்.

சரி, வாங்கிறவை எதைப் பாக்கினம்? முதலாவது, குழாயில குத்தின முத்திரை. லண்டன் துவக்குக் கம்மாளர் சங்கம் 1637இல அரச பட்டயம் எடுத்தது, அவையள் வழக்கத்தை விடக் கூட மருந்து போட்டு வெடிச்சுச் சோதிச்சு, தாங்கின குழாயில கிரீடத்துக்குக் கீழ ஜி.பி. எண்டும் வி எண்டும் குத்துவினம். பேர்மிங்ஹாமில சோதனைச்சாலை வந்தது 1813இல. எங்கட துருக்கட்டியில அந்த முத்திரை இருந்திருக்கும், அது போனது போனதுதான்.

மற்றது ஏமாத்து. தொப்பி முறை வந்த காலத்தில கன ஃபிளின்ட்லொக்குகளைத் தொப்பிக்கு மாத்திப்போட்டாங்கள், இப்ப ஃபிளின்ட்லொக்குக்குத்தான் கூடின விலை எண்டதால சிலர் திருப்பிப் பழையபடி மாத்தி விக்கிறாங்கள். மாமாவே ஒருக்கா நல்லா ஏமாந்தவர். ஊசித்துளையைச் சுத்தி உலோகத்தின்ர நிறம் மாறுதோ, லொக்கின்ர தகட்டில அடைச்ச துளை தெரியுதோ எண்டு டோர்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னவர். அதில புதுசாத் தேச்ச பளபளப்பு இருந்தா அவர் அதைத் திருப்பி வைச்சிடுவார், ஏனெண்டா தேச்சவன் எதை மறைக்கத் தேச்சவன் எண்டு தெரியாது.

இதுக்கு அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்குச் சரியாப் பிடிச்சது. 1865 ஏப்ரல் 14 லிங்கனைச் சுட்ட பிஸ்டல் பிலடெல்பியாவில ஹென்றி டெரிஞ்சர் செய்தது, உள்ளங்கைக்க மறையிற அளவு, வொஷிங்டனில அதே ஃபோர்ட்ஸ் தியேட்டரில இருக்குது. அதைக் களவெடுத்திட்டுப் போலியை வைச்சிருக்கினம் எண்டொரு கதை பரவி, 1997இல எஃப்பிஐ ஆய்வுகூடம் பழைய ஃபோட்டோக்களோட ஒப்பிட்டுப் பாத்தது. அசல்தான் எண்டு காட்டிக் குடுத்தது பிடி மரத்தின்ர ரேகையும் ஒரு வெடிப்பும். ஆரும் அதை வடிவாக்கிறன் எண்டு அரம் போட்டு மினுக்கியிருந்தா என்ன கதி?

எங்கட நாட்டுத் துவக்குகளையும் சொல்லாமல் விடேலாது. கண்டிக் கம்மாளர் வெள்ளியும் தந்தமும் பதிச்சுச் செய்ததுகளில லொக் இடப்பக்கம் இருக்கும், ஐரோப்பாவில வழக்கம் வலப்பக்கம். 1765இல ஒல்லாந்தர் கண்டியில கொள்ளையடிச்ச பீரங்கியோட கோட்டைச் சுவரில வைச்சுச் சுடுற ரெண்டு பெரிய சுவர்த் துவக்கும் 2023 டிசம்பரில நெதர்லாந்தில இருந்து கொழும்பு நூதனசாலைக்குத் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தில நாவலர் வீதி நூதனசாலை வாசலில கோட்டையில இருந்து வந்த ஒல்லாந்தர் பீரங்கி ரெண்டு கிடக்குது, நான் போற ஒவ்வொரு முறையும் குனிஞ்சு நிண்டு ஏதும் எழுத்துத் தெரியுதோ எண்டு தடவிப் பாப்பன்.

இப்ப விசைக்காப்பு பருத்தித் துணியில சுத்தி லாச்சிக்க இருக்குது, துணியோட இல்லாமல் தொடுறேல்லை. மெல்ல மெல்ல மங்கி வருது, மாசத்துக்கு ஒருக்கா அதே யன்னல் வெளிச்சத்தில ஃபோட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்புவன். அதோட ஒரு சிஆர் கொப்பி வாங்கி அம்மாவுக்கு நினைவு வாறதெல்லாம் திகதி போட்டு எழுதி வாறன். அம்மாவுக்கு எட்டு வயசில ஒரே ஒருக்கா ஐயா அதைக் கையில தூக்கக் குடுத்தவராம். பிடி எப்பிடி இருந்தது எண்டு கேட்டன், பன்னப்பாய் மாதிரிக் கட்டம் கட்டமா வெட்டியிருந்தது, கைக்குச் சொரசொரத்தது எண்டா. அதை மாமாவுக்குச் சொன்னன், அவர் உடன "குழாய் உருளையோ பட்டையோ எண்டு கேள்" எண்டார்.

அம்மா கண்ணை மூடி, வலக்கையைப் பொத்தி, பெருவிரலால ஆட்காட்டி விரலை மெல்லத் தடவிப் பாத்தா. "பென்சில் மாதிரியடா தம்பி, பட்டை பட்டையா இருந்தது."

மாமாவுக்கு உடன வொய்ஸ் போட்டிட்டு கொப்பியிலயும் எழுதினனான்.