நாற்காலியில் தொடங்கிய வகுப்பு

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து விருப்ப ஓய்வில் வெளியேறிய 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு வயது 54. கழுத்து வலிக்காகப் பல ஆண்டுகளாக யோகா செய்துவந்தேன். கற்றுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. என் ஆசிரியைதான் ஒருநாள், "அக்கா, உங்கள் குரலைக் கேட்டாலே மனம் அடங்குகிறது. நீங்கள் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இரவும் பகலும் பேசிப் பேசிப் பக்குவப்பட்ட குரல் அது.

முதலில் தவறான இடத்தில் பணம் கட்டினேன். பத்து நாள், வீட்டிலிருந்தபடியே வீடியோ பார்த்தால் போதும், சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள். மூன்றாம் நாளே விட்டுவிட்டேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. இந்த வயதில் இதற்குள் வர நினைப்பவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: பயிற்சிக் காலத்தில் உயிருள்ள மனிதர்கள் முன்னால் நின்று எத்தனை மணி நேரம் கற்றுக்கொடுக்க விடுவீர்கள்?

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்ன ஓர் இடத்தில், 56 வயதில், 200 மணி நேர வகுப்பில் சேர்ந்தேன். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வு எழுதுவதே குறிக்கோள். பாடம் என்னைத் திணறடித்தது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் பாதங்கள் எனப்படும் நான்கு பகுதிகள், சமஸ்கிருதச் சொற்கள், நாடிகள், தசைகள் எல்லாம் காலையில் படித்தால் மாலைக்குள் மறந்துவிடும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் பிடி கிடைத்தது. பதஞ்சலி சொல்லும், இயமம் முதல் சமாதி வரையிலான யோகத்தின் அதே எட்டு உறுப்புகளைத் திருமூலர் தமிழில் சொல்லியிருக்கிறார். தமிழில் புரிந்தது பிறகு எந்த மொழியிலும் மறக்கவில்லை.

ஆனால் நான் உண்மையில் கற்றது ஒரு சனிக்கிழமை காலையில். அக்கம்பக்கத்தாரை வரவழைத்து எங்களைக் கற்பிக்கச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தவர் 67 வயது அம்மா. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனவர். முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, நானும் எதிரே உட்கார்ந்து, கைகளை உயர்த்திக் காட்டினேன். அவரும் உயர்த்தினார். முகம் சிவந்துவிட்டது. பின்னாலிருந்து என் ஆசிரியை மெல்லச் சொன்னார்: "நீங்கள் செய்வதை நிறுத்துங்கள் அக்கா. அவர்களைப் பாருங்கள்."

எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். தோளில் ஊசி குத்தியிருந்த முந்தானை மடிப்பு அசையவே இல்லை. மூச்சைப் பிடித்து வைத்திருந்தார்! "கை மேலே போகும்போது மூச்சு உள்ளே வரட்டும் அம்மா, இறங்கும்போது வெளியே போகட்டும்" என்றேன். என் பேச்சு அவர் மூச்சைவிட வேகமாக இருந்தது. குறைத்தேன். இன்னும் குறைத்தேன். நான்காவது முறை அந்த மடிப்பு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. என் கண் கலங்கிவிட்டது.

சென்னையில் வாழ்ந்து 1989இல் தம் நூறாவது வயதில் மறைந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கேற்ப யோகா அமைய வேண்டும் என்பதை வலியுறுத்தியவர். புத்தகத்தில் அதைப் பலமுறை அடிக்கோடிட்டிருந்தேன். புரிந்தது அன்றுதான்.

எழுத்துத் தேர்வு பெரிய சிரமம் தரவில்லை. செய்முறைத் தேர்வில் வக்ராசனம் செய்யச் சொன்னார்கள். என் முதுகு எவ்வளவு திரும்புமோ அவ்வளவுதான் திருப்பினேன். "குடலிறக்கம் உள்ளவருக்குப் புஜங்காசனம் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்கள். கொடுக்க மாட்டேன், குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும்போது வயிற்றில் அழுத்தம் கூடும் என்றேன். தேர்வாளர் தலையசைத்து எழுதிக்கொண்டார். தேறிவிட்டேன்.

இப்போது திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலை ஐந்தரைக்கு வகுப்பு. பதினோரு பேர் வருகிறார்கள். ஆறு பேருக்கு நாற்காலி. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, அறுவை சிகிச்சை பற்றி விசாரித்துக் குறித்துக்கொள்ளாமல் யாரையும் சேர்ப்பதில்லை. அந்த மூட்டு மாற்று அம்மாவும் வருகிறார். போன வாரம் பவர் கட். மாடி முழுக்க இருட்டு. நான் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் தாமாகவே பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்: "அவசரமே வேண்டாம். மூச்சு முதலில் வரட்டும், கை அதன் பின்னால் போகட்டும்."